சண்டை இல்லாத நாற்பது நாள்

பெருமாள்சாமிக்குப் பொறுமை என்பது அடுத்த வீட்டுக்காரர் வைத்துக்கொள்ள வேண்டிய சாமான். சோறு ஆறும்வரை காத்திருக்க மாட்டார். நின்றபடியே நாலு கவளத்தை உள்ளே தள்ளிவிட்டு, வாய் வெந்துபோயிற்று என்று மனைவி கோமதித்தாயைத் திட்டுவார். மாட்டை அவிழ்த்துவிட்டு, அதற்கு முன்னாலேயே விறுவிறுவென்று நடந்து தோட்டத்தில் போய் நின்றுகொண்டு, மாடு இன்னும் வரவில்லையே என்று அதன் பரம்பரையையே வைவார். ரயிலுக்குப் போவதென்றால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டு, ரயில் ஏன் வரவில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடித்துக்கொள்வார். கெட்ட மனுஷர் இல்லை. நெருப்பைக் கட்டிக்கொண்டு பிறந்துவிட்டார், அவ்வளவுதான்.

அவருடைய தோட்டம் சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகிற பாதையில், ஊரை விட்டு ஒரு மைல் தள்ளி இருந்தது. பக்கத்துத் தோட்டம் வெள்ளத்துரையுடையது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரே கிணறு. ஆளுக்குப் பாதிப் பங்கு. கிணற்றில் ஒரு கமலைதான் உண்டு. ஒருவர் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். இன்றைக்கு ஒருவர் விடிந்ததும் தொடங்கினால் நாளைக்கு மற்றவர் தொடங்குவார். முதலில் இறைக்கிறவர் எப்போது மாட்டை அவிழ்க்க வேண்டும் என்பதற்கு இரண்டு பேருடைய அப்பன்மாரும் ஒரு கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெயிலில் நேராக நின்று, தன் நிழலைத் தன் பாதத்தாலேயே அடி அளந்து பார்ப்பது. நிழல் நாலடிக்குச் சுருங்கிவிட்டால் மாடு மாற்ற வேண்டியது.

கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் யார் நிழல் என்று அப்பன்மார் சொல்லாமல் போய்விட்டார்கள். பெருமாள்சாமி கட்டையான ஆள், பாதம் மட்டும் முறம் மாதிரி. வெள்ளத்துரை பனை உயரம், பாதமோ சின்னப் பிள்ளைப் பாதம். பெருமாள்சாமி அளந்தால் நாலடி வருகிற நேரத்தில் வெள்ளத்துரை அளந்தால் ஐந்தடி வரும். ஆகவே தான் முதலில் இறைக்கிற நாளில் பெருமாள்சாமி, "உம்ம நெழலை அளந்து பாரும்வே" என்பார். வெள்ளத்துரை இறைக்கிற நாளில், "எதுக்கு உம்ம நெழலு? எனக்கு என்ன நெழலு விழாதா?" என்பார். வெள்ளத்துரையும் லேசுப்பட்டவர் இல்லை. அவர் இதையே தலைகீழாகச் சொல்லுவார். இருபத்திரண்டு வருஷமாக, மழை நாள் நீங்கலாக, தினசரி கிணற்றடியில் கால் மணி நேரம் இந்தச் சண்டை நடந்தது. பாதையில் போகிறவர்கள் சத்தத்தை வைத்தே மணி பத்தாகப் போகிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள், "நாலடிதான்வே, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்த பெருமாள்சாமி பாதியில் நிறுத்திவிட்டார். நெஞ்சுக்குள் யாரோ ஏறி மிதிப்பது போல இருந்தது. வலி இடது தோளுக்கு ஏறிக் கைவழியாக இறங்கியது. வேர்த்துக் கொட்டியது. அப்படியே வாய்க்கால் கரையில் உட்கார்ந்து சாய்ந்துவிட்டார்.

வெள்ளத்துரை அவரைத் தூக்கி வண்டியில் போட்டு, தேரடிக்குப் பக்கத்தில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் நஜ்முதீனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். டாக்டர் ஊசி போட்டார், நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்தார், இருதயம் அடிபட்டிருக்கிறது என்றார். படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, இதே நோய் வந்த ஊர் ஆட்கள் நாலு பேர் பிழைத்திருக்கிறார்கள், இவரும் பிழைப்பார் என்றார். பெருமாள்சாமி மடியில் வைத்திருந்த சுருட்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். அதன் பிறகு கோமதித்தாயைத் தனியாக வெளியே கூப்பிட்டு, "இந்த மாதிரி அவசரக்காரங்களுக்குத்தான் இது சீக்கிரமா வருது, தாயி. ஆத்திரப்படுத்தாம பாத்துக்கோ" என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். கோமதித்தாய் அதைப் பிடித்துக்கொண்டாள்.

கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் எடுத்துவந்து புருஷன் நெஞ்சில் பூசினாள். பிறகு தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "அவுக என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லிருங்க. எதுத்து ஒரு வார்த்தை பேசிராதீக. அவுக உசிரு உங்க வாயிலதான் இருக்கு" என்று கும்பிட்டுச் சொன்னாள். தெரு முக்கில் டீக்கடை வைத்திருந்த தங்கப்பழத்திடமும் சொன்னாள். தோட்டத்துக்கே நடந்துபோய் வெள்ளத்துரையிடமும் சொன்னாள். வெள்ளத்துரை தலையை ஆட்டினார்.

பெருமாள்சாமிக்கு இது ஒன்றும் தெரியாது. முதல் இரண்டு வாரம் படுத்தே கிடந்ததில் அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. எழுந்து உட்கார ஆரம்பித்த பிறகுதான் உலகம் மாறிப்போயிருப்பதைக் கண்டார். ஒரு மத்தியானம் வாய் சும்மா இருக்க மாட்டாமல், "குழம்புல உப்பே இல்ல" என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது. வழக்கமான கோமதித்தாயாக இருந்தால், "உங்க நாக்கைக் கொண்டு வைத்தியர்கிட்ட காட்டுங்க" என்று ஒரு போடு போட்டிருப்பாள்.

"ஆமாங்க, போட மறந்துட்டேன்" என்றாள் கோமதித்தாய்.

பெருமாள்சாமி அவளை உற்றுப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பிறகு மெல்ல நடமாடலாம் என்று டாக்டர் சொன்னார். பெருமாள்சாமி தங்கப்பழத்தின் கடைவரை நடந்தார். அன்று வெள்ளிக்கிழமை. அம்மன் கோவிலுக்குப் போகிற கூட்டம் பூவும் மாவிளக்குமாகத் தெருவை அடைத்துக்கொண்டு போனது. அவர் பெஞ்சியில் உட்கார்ந்து, வேண்டுமென்றே, "இன்னைக்குப் புதன்தானவே தங்கப்பழம்?" என்றார்.

தங்கப்பழம் கூட்டத்தைப் பார்த்தார், பாய்லரைப் பார்த்தார், எச்சிலை விழுங்கினார். "ஆமா அண்ணாச்சி. புதன்தான். அதுல என்ன சந்தேகம்?"

 பெருமாள்சாமிக்குத் தன் தகப்பனாருடைய கடைசி நாட்கள் ஞாபகம் வந்தன. அந்த மனுஷரும் எதையாவது உளறிக்கொண்டேதான் கிடந்தார். வந்தவர்கள் எல்லோரும், ஆமாம் மாமா, ஆமாம் பெரியப்பா என்றுதான் சொன்னார்கள். போகப்போகிறவனிடம்தான் யாரும் வழக்குப் பேச மாட்டார்கள். அப்படியானால் டாக்டர் என்னவோ சொல்லியிருக்கிறார், எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவர் கை நெஞ்சை விட்டு இறங்கவில்லை. எந்நேரமும் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ண எண்ண அது வேகமாக ஓடியது. வேகமாக ஓடுகிறதே என்று பயந்ததில் இன்னும் வேகமாக ஓடியது. கோபம் மட்டும் வரவேயில்லை. வருவதற்கு ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. பயமாக இருந்தது. இந்த நாற்பத்தெட்டு வயதில் பெருமாள்சாமி முதல் முதலாகப் பயந்தார்.

நாற்பதாம் நாள் காலையில் கோமதித்தாய் தண்ணீருக்குப் போன சமயம் பார்த்து, பாதையில் போன ஒரு வண்டியில் ஏறித் தோட்டத்துக்குப் போனார். சாவதற்கு முன் அந்த மண்ணை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனார். வேறு யோசனை ஒன்றும் இல்லை.

பங்குனி வெயில் அதற்குள் ஏறியிருந்தது. அவருடைய மிளகாய்ச் செடிகள் கறுகறுவென்று நின்றன. பாத்தியில் தண்ணீர் ததும்பியது. கிணற்றில் கமலை ஓடிக்கொண்டிருந்தது. பூட்டியிருந்தவை வெள்ளத்துரையின் மாடுகள். ஓட்டிக்கொண்டிருந்தது வெள்ளத்துரை. தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது பெருமாள்சாமியின் தோட்டத்துக்கு.

அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெள்ளத்துரையின் மிளகாய் தலை தொங்கிப்போய், பூவெல்லாம் உதிர்ந்து, பாத்தி வெடித்துக் கிடந்தது. கோடையில் கிணறு ஊறுவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் மனுஷர் இந்தப் பக்கமே திருப்பிவிட்டிருக்கிறார்.

வெள்ளத்துரை அவரைப் பார்த்துவிட்டு மாட்டை நிறுத்தினார். "வாங்க அண்ணாச்சி. வெயில்ல எதுக்கு வந்தீங்க? தண்ணி பூராவும் உங்களுக்குத்தான். நான் பாத்துக்கிடுதேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் வெள்ளத்துரை அவரை 'வே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அண்ணாச்சி என்ற சொல்லைக் கேட்டதும் பெருமாள்சாமிக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. அரையடி நிழலுக்கு விட்டுக்கொடுக்காத ஆள் தன் வெள்ளாமையையே காயப் போடுகிறார் என்றால் இனிமேல் கேட்க என்ன இருக்கிறது? அப்படியே திரும்பி, பாதையில் வந்த இன்னொரு வண்டியில் ஏறி டாக்டர் நஜ்முதீன் வீட்டுக்குப் போனார்.

"டாக்டரய்யா, எனக்கு இன்னும் எத்தனை நாளு? மறைக்காம சொல்லிருங்க. பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லணும்."

டாக்டர் குழாயை எடுத்து நெஞ்சில் வைத்துக் கேட்டார். முதுகில் வைத்தும் கேட்டார். கையைப் பிடித்துக் கடியாரத்தைப் பார்த்தார்.

"அப்புறம் வலி வந்துச்சா?"

"இல்ல."

"நடந்தா மூச்சு வாங்குதா?"

"இல்லைய்யா."

"இருதயம் ஆறிட்டுத்தான் வருது. பிறகு எதுக்குவே இந்த ஓட்டம் ஓடுது? யாருகூட சண்டை போட்டுட்டு வாரீரு?"

"சண்டையா? நாப்பது நாளாச்சு, சண்டைன்னு ஒண்ணைக் கண்ணால கண்டு" என்றார் பெருமாள்சாமி. அதற்குமேல் அடக்க முடியவில்லை. உப்பில்லாத குழம்பு, புதனாகிவிட்ட வெள்ளிக்கிழமை, வெள்ளத்துரையின் காய்ந்த மிளகாய் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சொல்லி முடிக்கையில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டர் குழாயை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஆத்திரப்படுத்தாதேன்னு உம்ம பெஞ்சாதிகிட்ட சொன்னேன். அந்தத் தாயி ஊரையே பூசாரியாக்கி உம்மைச் சாமியாக்கிட்டாளா? நீரு சாகலைவே. நல்லாத்தான் இருக்கீரு."

பெருமாள்சாமிக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. "மெய்யாவா?"

"மெய்யாத்தான். ஒண்ணு கேக்கேன், யோசிச்சுச் சொல்லும். நீரும் வெள்ளத்துரையும் இத்தனை வருசமா ஒரே சண்டையைத்தான போடுதீக? உம்மைத் தூக்கிட்டு வந்த அன்னைக்கு அவரையும் பாத்தேன். குதிரை மாதிரி இருக்காரு. சண்டை முடிஞ்சதும் அவரு என்ன செய்வாரு?"

"செய்யுறது என்ன, வேப்பமரத்தடில துண்டை விரிச்சுப் படுத்துத் தூங்குவாரு. குறட்டை ரோடு வரைக்கும் கேக்கும்."

"நீரு?"

பெருமாள்சாமி தலையைச் சொறிந்துகொண்டே உள்ளதைச் சொன்னார்.  சண்டையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவார். சாப்பிடும்போது கோமதித்தாயிடம் அவன் இப்படிச் சொன்னான், நான் இப்படிச் சொன்னேன் என்பார். படுத்துக்கொண்டு, அப்படிச் சொன்னவனை இப்படியல்லவா மடக்கியிருக்க வேண்டும் என்று புரளுவார். காலையில் எழுந்ததும் அதே வார்த்தையை மெருகு தீட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போவார். வெள்ளத்துரையிடம் கேட்டால், நேற்று என்ன பேசினோம் என்பதே மனுஷருக்கு ஞாபகம் இருக்காது.

"அவருக்குக் கால் மணி நேரச் சண்டை. உமக்கு அது மறுநாள் வரைக்கும் ஓடுது" என்றார் டாக்டர். "இதுக்கு நான் புஸ்தகத்தைத் திறந்து காட்ட முடியாது. மெட்ராஸ்ல எங்க வாத்தியார் ஒருத்தர் சொல்லுவாரு, நானும் இங்கன பதினெட்டு வருசமா பாத்துட்டு வாரேன். சுருட்டும் உண்டு, உம்ம குடும்பத்து உடம்பும் உண்டு. அதோட இதுவும் சேருது. கத்தாதீரும், ஓடாதீரும். நெஞ்சு பிடிச்சா உடனே உக்காந்து மாத்திரையைப் போடும். ஆனா பேசாத சாமியா இரும்னு நான் சொல்லலை. சண்டையைக் கிணத்தடிலயே இறக்கி வச்சுட்டு வாரும். அது முடியுமா உம்மால?"

"தெரியலையே" என்றார் பெருமாள்சாமி. அவர் அப்படி ஒரு பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில், கோமதித்தாய் என்ன நினைத்தாலும் சரி என்று, மாத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டு, நின்று நின்று, நடந்தே தோட்டத்துக்குப் போனார். வெள்ளத்துரை அன்றும் இவருடைய தோட்டத்துக்குத்தான் இறைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணியைத் திருப்பும்வே உம்ம தோட்டத்துக்கு" என்றார் பெருமாள்சாமி.

"இருக்கட்டும் அண்ணாச்சி."

"என்ன அண்ணாச்சி? நேத்துப் பிறந்த பயலா நீரு? உம்ம மிளகாய் அங்கன சுடுகாடா கிடக்கு. திருப்பும்ங்கேன்!"

"வேண்டாம் அண்ணாச்சி, நீங்க சொன்னா சரிதான், ஆனா..."  பெருமாள்சாமி சொன்னதற்கெல்லாம் வெள்ளத்துரை ஆமாம் போட வேண்டும். இதற்கு ஆமாம் போட்டால் தண்ணீரை நிறுத்த வேண்டும்.

பெருமாள்சாமி வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, தன் பக்கத்து மடையைக் காலாலேயே மண் தள்ளி அடைத்தார். தண்ணீர் அந்தப் பக்கம் ஓடியது. வெள்ளத்துரை மாட்டை நிறுத்திவிட்டு ஓடிவந்து திறந்துவிட்டார். இவர் மறுபடி அடைத்தார். அவர் மறுபடி திறந்தார். மூன்றாம் தடவை வெள்ளத்துரைக்குத் தாங்கவில்லை.

"சவத்த மூதி, சும்மா இரும்வே! என் கண்ணு முன்னால விழுந்தீரு. என் வாய்தான் உம்மைக் கொன்னுட்டுன்னு நாப்பது நாளா நான் சரியா சோறு திங்கலை. இந்தத் தண்ணிய ஊத்தியாவது பாவத்தைக் கழுவலாம்னு பாத்தா, அதுக்கும் விட மாட்டேங்கீரு. நீரு போயிட்டா இந்தக் கிணத்தடில நான் யாருகூடவே பேசுவேன்?" அந்தப் பனை உயர மனுஷர் குழந்தை மாதிரி அழுதார்.

 இத்தனை வருஷமாகத் தன் தண்ணீரைத் திருடப் பார்க்கிறவன் என்று நினைத்த ஆளுக்குத் தன்மேல் இவ்வளவு பிரியம் இருக்கிறதே என்று பெருமாள்சாமிக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. 

"உம்மால என்னைக் கொல்ல முடியுமாவே? அதுக்கெல்லாம் வேற ஆளு பிறந்து வரணும்" என்றார். எழுந்து வெயிலில் நின்று நிழலை அளந்தார். "நாலடி ஆயிட்டு. இப்ப தண்ணி உமக்கு. ஞாயப்படி திருப்பும்."

வெள்ளத்துரை மூக்கைச் சிந்திக்கொண்டு தானும் போய் நின்றார். "எங்க ஆயிட்டு? எனக்கு அஞ்சு வருது. இன்னும் உம்ம தண்ணிதான்."

"உம்ம காலு கோழிக்காலுவே, அதுல அளந்தா அஞ்சும் வரும், ஆறும் வரும்!"

"உம்ம காலை வச்சு அளந்தா விடியும்போதே நாலுதான்!"

இருபத்திரண்டு வருஷமும் தனக்கு வேண்டும் என்று நடந்த சண்டை அன்றைக்கு உனக்குத்தான் என்று நடந்தது. பெருமாள்சாமி பேசும்போதே ஒரு காதை நெஞ்சுக்குள் வைத்திருந்தார். மூச்சு கொஞ்சம் வாங்கியபோது கரையில் உட்கார்ந்து, குரலை இறக்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே வழக்காடினார். வலி வரவில்லை. கடைசியில் வெள்ளத்துரை, "சரிவே, தொலையும்" என்று மடையைத் திருப்பினார். வெடித்துக் கிடந்த பாத்திக்குள் தண்ணீர் புகுந்தது.

இறைப்பு முடிந்ததும் வெள்ளத்துரை வழக்கம்போல வேப்பமரத்தடிக்குப் போய்த் துண்டை விரித்தார். தலை தரையில் பட்டதும் குறட்டை வந்தது. பெருமாள்சாமி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன மனுஷன் இவன், இப்போதுதான் அழுதான், இப்போதுதான் வைதான், அதற்குள் தூங்குகிறானே என்று பொறாமையாக இருந்தது. தானும் துண்டை விரித்துப் படுத்துப் பார்த்தார். மேலே வேப்பம்பூ பூத்திருந்தது. காற்று வந்தது. அதை எண்ணக் கூடாது, இதை நினைக்கக் கூடாது என்று எதுவும் சொல்லிக்கொள்ளாமலேயே அவருக்குக் கண் அயர்ந்துவிட்டது.

வெயில் சாய்ந்த பிறகு வெள்ளத்துரை வண்டியில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டார். கிணற்றடியில் பழையபடி சண்டை என்ற செய்தி தங்கப்பழம் மூலமாக அதற்கு முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. கோமதித்தாய் வாசலில் வெளிறிப்போய் நின்றாள். அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன சொன்னாரு அந்த மனுசன்? என்ன சொல்லி ஏசினாரு? நீங்க என்ன சொன்னீங்க?"

பெருமாள்சாமி சொல்வதற்கு வாயெடுத்தார். அவன் இப்படிச் சொன்னான் என்று தொடங்க வேண்டும். தேடிப் பார்த்தார். தண்ணீர் பாத்திக்குள் ஓடியது ஞாபகம் வந்தது. தூங்கி எழுந்தது ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை.

"என்னமோ சொன்னாரு. மறந்து போச்சுட்டி. சோத்தைப் போடு, பசிக்குது."

இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு சண்டையையும் சோற்றோடு சேர்த்து மூன்று தடவை கேட்டவள் அவள். கையில் எடுத்த தட்டோடு அப்படியே நின்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அவர் பார்த்துவிடுவாரோ என்று நாற்பது நாளாக அடக்கிவைத்த அழுகை, நிற்கவில்லை. அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டார். அவள் அழுதுகொண்டே பரிமாறினாள்.

"போதும்ட்டி, எதுக்கு இந்த அழுகை? நிப்பாட்டு" என்று அவர் ஒரு அதட்டுப் போட்டார்.

"நான் அழுவேன். என் கண்ணு, என் தண்ணி. உங்களுக்கு என்ன?" என்று கோமதித்தாய் சீறினாள். "யாருகிட்டயும் சொல்லாம கிளம்பிப் போனதுக்கு உங்களை வீட்டுக்குள்ளயே விட்டிருக்கக் கூடாது. பேச வந்துட்டாரு!"

பெருமாள்சாமி கையில் எடுத்த கவளத்தோடு அவளையே பார்த்தார். டாக்டர் சொன்னபோது பாதிதான் நம்பினார். தான் சாகப்போவதில்லை என்பதை இப்போதுதான் முழுசாக நம்பினார்.